வானத்தைத் தொடணும்னா மொதல்ல வானம் தோண்டணும்

நம்ம பக்கம் வீடு கட்ட ஆரம்பிக்கும்போது மேஸ்திரி "நாளைக்கு நாள் நல்லா இருக்கு, வானம் தோண்டிரலாம்"னு சொல்லுவாரு, கேட்டிருப்பீங்க. கடைக்காலுக்கு எடுக்குற பள்ளத்துக்கு வானம்னு தான் பேரு. சின்னப் பையனா இருந்தப்போ இத கேட்டுட்டு, மேல இருக்குறத எப்படி கீழ தோண்டுவாங்கன்னு ஒரு நாள் பூரா மண்வெட்டிக்காரங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தேன். கடைசில ஒரு தேள் தான் வந்துச்சு.

பல வருஷம் கழிச்சு சிகாகோவுலயும் நியூயார்க்லயும் ஆரம்பத்துல கட்டுன உயரமான கட்டடங்களப் பத்தி படிக்கப் போனப்போ தான் அந்த வார்த்தை எவ்ளோ பொருத்தம்னு தோணுச்சு. 1880கள்ல லிஃப்ட் வந்தாச்சு, இரும்பு ஃபிரேமும் வர ஆரம்பிச்சாச்சு, மேல ஏறிப் போறதுக்கு வழி தெரிஞ்சு போச்சு. கீழ மண்ணு தான் சரின்னு சொல்லல. அந்த இன்ஜினியர்கள் ராத்திரி தூங்காம யோசிச்சது பூரா தரைக்குக் கீழ தான்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம், இது பிடிபட்டா மத்ததெல்லாம் ஈஸி. கட்டடத்தத் தாங்குறது அஸ்திவாரம்னு நாம நினைக்கிறோம், ஆனா தாங்குறது மண்ணு. அஸ்திவாரம் வெறும் புரோக்கர் மாதிரி, மேல இருந்து வர்ற வெயிட்ட வாங்கி மண்ணு கிட்ட கை மாத்தி விடுது, அவ்ளோதான். எப்படி கை மாத்துதுங்கிறதுல தான் மொத்த வித்தையும்.

மழை பெஞ்ச வாசல்ல கயித்துக் கட்டில போட்டு உக்காந்து பாருங்க, கால் நாலும் மண்ணுக்குள்ள இறங்கும். நாலு காலுக்கும் அடியில ஆளுக்கொரு செங்கல் வெச்சா இறங்காது. உங்க வெயிட்டு குறையல, மண்ணும் மாறல, தாங்குற இடம் மட்டும் அகலமாச்சு. இப்ப ஒரு மூலைல மட்டும் குண்டா ஒரு மாமா வந்து உக்காருறாரு, அந்தக் கால் மட்டும் அரை அடி இறங்கும், கட்டில் கோணும், சட்டம் முறுக்கிக்கிட்டு மூட்டுல விரிசல் விடும். நாலு காலும் ஒரே அளவு இறங்கி இருந்தா கட்டிலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, கொஞ்சம் தாழ்வா இருக்கும், அவ்ளோதான். இந்தக் கட்டில மனசுல வெச்சுக்கோங்க, சிகாகோ கதை பூராவும் இது தான்.

சிகாகோ ஏரிக்கரை ஊரு. மேல கொஞ்சம் கெட்டியான களிமண் ஓடு மாதிரி ஒரு அடுக்கு, அதுக்குக் கீழ ஈரமான மெத்து மெத்துன்னு களிமண், பாறைய தொடணும்னா ஏறக்குறைய 100 அடி போகணும். இந்த ஊர்க்காரங்க ஏற்கெனவே மண்ணோட மல்லு கட்டுனவங்க தான், சாக்கடை ஓட வழியில்லாம தெருவையே உசத்த வேண்டி வந்து, 1860ல லேக் தெருவுல ஒரு வரிசை கட்டடத்தையே 6,000 திருகு ஜாக்கி வெச்சு 600 ஆள் சேர்ந்து ஒரே நேரத்துல திருகி நாலு அடிக்கு மேல தூக்குனாங்க, உள்ள கடைங்க பாட்டுக்கு வியாபாரம் பண்ணிட்டு இருந்துச்சு. நம்ம ஊர்ல இப்ப ஜாக்கி வெச்சு வீடு தூக்குறத டிவில அதிசயமா காட்டுறாங்க.

1871ல ஊரே தீப்பிடிச்சு எரிஞ்சது. திரும்பக் கட்ட ஆரம்பிச்ச நேரத்துல, 1873ல, ஃபிரெடரிக் பாவ்மன்னு ஒருத்தரு ஒரு சின்னப் புத்தகம் போட்டாரு. அவரு சொன்னது இது தான்: சுவர் முழுக்க ஒரே நீளமான அஸ்திவாரம் போடாதீங்க, வெயிட்டு வர்ற ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா பாதம் போடுங்க, எங்க வெயிட்டு ஜாஸ்தியோ அங்க பாதம் பெருசா, எங்க கம்மியோ அங்க சின்னதா. அப்போ எந்தப் பாதத்துக்கு அடியில பாத்தாலும் ஒரு சதுர அடி மண்ணு மேல ஒரே அளவு பாரம் தான் இருக்கும். இறங்குனா எல்லாம் சேர்ந்து இறங்கும். இறங்காம நிக்க வெக்குறதப் பத்தி அவரு பேசவே இல்ல பாருங்க, ஒண்ணா இறங்க வெக்குறதப் பத்தி தான் பேசுறாரு. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் புடிச்ச இடம் இது தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாக்கலாம். அந்தக் களிமண் மேல சதுர அடிக்கு ரெண்டு டன் வரைக்கும் ஏத்தலாம்னு வெச்சுக்கோங்க. ஒரு தூண் வழியா 300 டன் வருதுன்னா 150 சதுர அடி வேணும், அதாவது 12 அடிக்கு 12 அடிய விடக் கொஞ்சம் பெருசா ஒரு பாதம். ஒரு தூணுக்கே இவ்ளோன்னா பக்கத்துத் தூணோட பாதம் வந்து இடிக்க எவ்ளோ நேரம் ஆகும். போதாக்குறைக்கு அப்ப பாதம்னா கல்லு தான், கீழ அகலமா மேல குறுகலா படிப்படியா அடுக்குன கல் கோபுரம். அது பேஸ்மென்ட் பூரா அடைச்சுக்கும். புதுசா வந்த கட்டடத்துக்கோ பாய்லர், டைனமோ எல்லாம் வெக்க பேஸ்மென்ட் தான் வேணும்.

இதுக்கு ஜான் வெல்போர்ன் ரூட்னு ஒரு ஆர்க்கிடெக்ட், 1882 வாக்குல மான்டாக் பிளாக்னு 10 மாடி கட்டடம் கட்டும்போது ஒரு வழி கண்டுபுடிச்சாரு. ரயில் தண்டவாளத்த பக்கம் பக்கமா ஒரு வரிசை அடுக்கி, அதுக்குக் குறுக்க இன்னொரு வரிசை அடுக்கி, மொத்தத்தையும் கான்கிரீட்டுக்குள்ள பொதச்சுட்டாரு. கல்லு வளைஞ்சா உடைஞ்சு போகும், அதனால தான் அத உயரமா அடுக்க வேண்டியிருந்துச்சு. இரும்பு வளைஞ்சாலும் தாங்கும், அதனால ரெண்டு அடிக்குள்ள தட்டையா முடிஞ்சிருச்சு. இன்னிக்கு நம்ம வீட்டு ஃபுட்டிங்ல கம்பிய ரெண்டு திசையிலயும் வலை மாதிரி கட்டுறோமே, அதுக்கு ஒரு விதத்துல இது தாத்தா முறை.

ஆனா கட்டடம் இறங்குறது நிக்கல. 1891ல முடிஞ்ச மொனாட்னாக் கட்டடம், 16 மாடி, வெளிச்சுவர் பூரா செங்கல், அடியில சுவரோட தடிமன் மட்டும் 6 அடி. அந்த வெயிட்டுக்கு 8 இன்ச் இறங்கும்னு முன்கூட்டியே கணக்கு போட்டு அதுக்கேத்த மாதிரி உசத்தித் தான் கட்டுனாங்க. அது கணக்கத் தாண்டி மொத்தம் 20 இன்ச் கிட்ட இறங்கிருச்சு, தெருவுல இருந்து உள்ள போக ஒரு படி கீழ இறங்கணும்னு ஆயிருச்சு. ஆடிட்டோரியம் கட்டடத்துல பிரச்சினை வேற. ஒரே கட்டடத்துல ஒரு பக்கம் 17 மாடி கோபுரம், மத்ததெல்லாம் அத விடக் குள்ளம், அதாவது நம்ம கட்டில்ல உக்காந்த குண்டு மாமா. கோபுரம் பின்னாடி எழும்பும்போது அந்தப் பக்கம் மட்டும் லேட்டா இறங்கி விரிசல் விடக்கூடாதுன்னு அதக் கட்டுன ஆர்க்கிடெக்ட் டாங்க்மர் ஆட்லர் என்ன பண்ணாருன்னா, கோபுரம் சின்னதா இருக்கும்போதே அதுக்குள்ள வார்ப்பிரும்புக் கட்டியும் செங்கல்லும் கொண்டு வந்து குவிச்சு, கடைசில வரப்போற வெயிட்ட இப்பவே ஏத்திட்டாரு. மேல கட்டக் கட்ட அத எடுத்துட்டே வந்தாங்க. செம ஐடியா தான். அப்படியும் கட்டடம் காலப்போக்குல ரெண்டு அடிக்கு மேல இறங்குச்சு, உள்ள தரை சில இடத்துல சரிவாவே போச்சு.

களிமண் மேல மிதக்க விடுறது போதும், கெட்டியான அடுக்கு வரைக்கும் போயிருவோம்னு ரொம்ப நாளா கத்திட்டு இருந்தவர் வில்லியம் சூய் ஸ்மித், முன்னாடி ராணுவ ஜெனரல், அப்புறம் பாலம் கட்டுற இன்ஜினியர். அவருக்கு வாய்ப்பு வந்ததே வேடிக்கையான காரணத்துல தான். 1893ல சிகாகோ ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்கு மரத்தூண் அடிச்சு இறக்குற வேலை நடக்குது, மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பத்திரிகை ஆபீஸ், அவங்க பிரின்டிங் மெஷின் ஓடிட்டு இருக்கு. இங்க சம்மட்டி விழுற அதிர்ச்சியில அங்க மெஷின் ஆடிரும்னு பயம். அதனால அந்தச் சுவருக்கு மட்டும் அடிக்காம, கையால கிணறு தோண்டி கான்கிரீட் நிரப்புனாங்க. பக்கத்து வீட்டுக்காரன் தொல்லைனால ஒரு டெக்னாலஜியே பொறந்துச்சுன்னு சொல்லலாம்.

இது எப்படின்னு நம்ம ஆளுங்களுக்கு வெளக்கவே வேண்டாம், கிணறு வெட்டுறத பாத்திருந்தா போதும். ரெண்டு மூணு பேரு உள்ள இறங்கி அஞ்சடி ஆழம் வட்டமா வெட்டுவாங்க, அந்தக் களிமண் கொஞ்ச நேரம் சரியாம நிக்கும், அதுக்குள்ள பலகைய செங்குத்தா சுத்தி நிறுத்தி உள்பக்கம் இரும்பு வளையம் போட்டு இறுக்கிருவாங்க. அப்புறம் அடுத்த அஞ்சடி, திரும்பப் பலகை, திரும்ப வளையம். மண்ண வாளியில மேல இழுக்குறது. கெட்டித் தரை வந்ததும் அடிய மணி மாதிரி அகலமா விரிச்சு வெட்டிட்டு கான்கிரீட் கொட்டுறது. அப்புறம் பல வருஷத்துக்கு அந்த ஊர் உயரக் கட்டடமெல்லாம் இந்தக் கிணத்துக் கால் மேல தான் நின்னுச்சு.

நியூயார்க் கதை வேற மாதிரி. மன்ஹாட்டனுக்கு அடியில நல்ல பாறை இருக்கு, ஆனா தெக்கு முனைல, அதாவது வால் ஸ்ட்ரீட் பக்கம், பாறைக்கு மேல தண்ணி ஊறுன மணல். பலகை வெச்சு தோண்டலாம்னா கஞ்சி மாதிரி ஓடி உள்ள வரும். தண்ணிய மோட்டார் வெச்சு எறச்சா இன்னும் மோசம், தண்ணியோட மணலும் வரும், அந்த மணல் எங்க இருந்து வருதுன்னா பக்கத்துக் கட்டடத்துக்கு அடியில இருந்து. எங்க தெருவுலயே ஒருத்தர் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்குக்கு பள்ளம் எடுத்து ரெண்டு வாரம் ராப்பகலா தண்ணி எறச்சாரு, எங்க காம்பவுண்டு சுவர்ல கை நுழையுற அளவு வெடிப்பு வந்துச்சு, கேட்டா "அது பழைய சுவரு சார்"ன்னாரு. அது பழைய சுவரு தான், ஆனா முப்பது வருஷம் வெடிக்காத பழைய சுவரு. சரி அத விடுங்க.

1893-94ல பிராட்வேல மன்ஹாட்டன் லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனி 348 அடி உயரத்துக்கு கட்டடம் எழுப்புது. கெய்சன்ங்குற பெட்டிய காத்தழுத்தத்தோட இறக்கி அஸ்திவாரம் போட்ட முதல் உயரக் கட்டடம் இது தான்னு சொல்றாங்க. 15 கெய்சன், தெரு மட்டத்துல இருந்து 50 அடிக்கு மேல இறங்கிப் பாறைல உக்காந்துச்சு. அந்த வேலைய எடுத்து செஞ்சது சார்லஸ் சூய்ஸ்மித், சிகாகோ ஜெனரலோட மகன் தான். அப்பா பேர ரெண்டு வார்த்தையா எழுதுனாரு, மகன் சேர்த்து எழுதிக்கிட்டாரு.

கெய்சன் புரியணும்னா ரெண்டு விஷயம் ஞாபகப்படுத்திக்கணும். ஒண்ணு, உறைகிணறு. எங்க தாத்தா தோப்புல மணல் பூமி, அங்க சிமெண்ட் உறைய தரைல வெச்சு, உள்ள ஆள் இறங்கி அடிமண்ண சுரண்டச் சுரண்ட உறை தன் வெயிட்டுலயே கீழ இறங்கும், மேல அடுத்த உறைய ஏத்துவாங்க. கெய்சனும் அதே தான், அடியில்லாத ஒரு பெட்டி, கீழ் விளிம்பு கத்தி மாதிரி, மேல செங்கல்லோ கான்கிரீட்டோ ஏத்த ஏத்த அது வெயிட்டுல இறங்கும், பத்தலன்னா வார்ப்பிரும்புக் கட்டிய தலை மேல வெச்சு அழுத்துவாங்க. ரெண்டாவது, குடம். நீச்சல் பழகும்போது காலிக் குடத்த கவுத்துப் புடிச்சுக்கிட்டு மிதப்போம்ல. அந்தக் குடத்த நேரா தண்ணிக்குள்ள அமுக்குனா உள்ள இருக்குற காத்து வழி விடாது, தண்ணி வாய் கிட்டயே நின்னுரும். ஆழமா அமுக்க அமுக்க காத்து நசுங்கி தண்ணி கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஏறும். ஏறக்கூடாதுன்னா மேல இருந்து இன்னும் காத்து அடிச்சுட்டே இருக்கணும்.

உறைகிணறுக்கு மேல குடத்த கவுத்துனா கெய்சன். பெட்டிக்கு கூரை போட்டு மூடி, கம்ப்ரஸர் வெச்சு காத்து அடிச்சு, வெளிய தண்ணி எவ்ளோ அழுத்துதோ அதே அளவு உள்ள காத்தும் அழுத்துற மாதிரி வெச்சா தண்ணியும் மணலும் உள்ள வராது, பக்கத்துக் கட்டடத்து மண்ணும் அசையாது. தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒவ்வொரு 34 அடிக்கும் நாம சுவாசிக்கிற காத்தழுத்தம் இன்னொரு மடங்கு கூடணும். உள்ள போக வர ரெண்டு கதவு வெச்ச ஒரு சின்ன அறை, ஏர்லாக். மேல் கதவு வழியா உள்ள வந்து அத சாத்திட்டு, அழுத்தத்த ஏத்துனதுக்கு அப்புறம் தான் கீழ் கதவு திறக்கும். மண்ணு வாளி கூட அதே மாதிரி தான் வெளிய போகணும். ஒரு கதவு பாக்கி இல்லாம ரெண்டும் சேர்ந்து திறந்துச்சுன்னா கதை முடிஞ்சுச்சு.

உள்ள வேலை பாத்தவங்கள சாண்ட்ஹாக்னு கூப்பிடுவாங்க, மணல் பன்னின்னு அர்த்தம், அவங்களே அத பெருமையா வெச்சுக்கிட்டாங்க. புழுக்கம், சேறு, குரல் மூக்குல பேசுற மாதிரி மாறிரும், விசில் அடிச்சா சத்தம் வராது. இதெல்லாம் பரவால்ல. வெளிய வரும்போது தான் ஆபத்து. கோலி சோடாவ நினைச்சுக்கோங்க, மூடி இருக்குற வரைக்கும் உள்ள கேஸ் இருக்குறதே தெரியாது, குண்ட தட்டுன உடனே நுரை பொங்கும். அழுத்தத்துல வேலை பாத்தவன் உடம்புல நைட்ரஜன் அப்படித்தான் கரைஞ்சு கிடக்கும், அவசரமா வெளிய வந்தா ரத்தத்துலயும் மூட்டுலயும் குமிழியா கிளம்பும். வலி தாங்காம உடம்பு வளையும், அதனால பெண்ட்ஸ்னு பேரு. சிலருக்கு கை கால் விழுந்துரும், சிலர் செத்தே போயிருவாங்க.

இது கட்டடங்களுக்கு முன்னாடியே பாலம் கட்டுனவங்க பட்ட பாடு. செயின்ட் லூயிஸ்ல மிசிசிப்பி மேல 1870 வாக்குல ஈட்ஸ் பாலம் கட்டும்போது பத்து பேருக்கு மேல இதுல செத்தாங்க. புரூக்ளின் பாலத்தோட சீஃப் இன்ஜினியர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872ல இதுல விழுந்து, மிச்ச வேலைய வீட்டு ஜன்னல்ல இருந்து மனைவி எமிலி மூலமா தான் நடத்துனாரு. மன்ஹாட்டன் பக்கக் கோபுரத்துக்கு 78 அடி போயும் பாறை கிடைக்கல, ஆளுங்க சாகுறத பாத்துட்டு போதும்னு மணல் மேலயே நிறுத்திட்டாரு, அது இன்னிக்கும் அங்கயே நிக்குது. காரணம் நைட்ரஜன் தான்னு பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878லயே சொல்லிட்டாரு, ஆனா எவ்ளோ மெதுவா வெளிய வரணும்னு ஒழுங்கான அட்டவணை 1908ல ஹால்டேன்ங்குற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகள வெச்சு சோதனை பண்ணதுக்கு அப்புறம் தான் வந்துச்சு. அழுத்தத்துல வேலை பாக்குற நேரத்துக்கு நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது 1909ல. அதுக்குள்ள ஏகப்பட்ட கட்டடம் எழும்பியாச்சு.

பாறைல உக்காந்ததும் ஆளுங்க அந்த அறைக்குள்ளயும் கான்கிரீட்ட திணிச்சு நிரப்பிக்கிட்டே பின்னாடி நகர்ந்து மேல ஏறி வந்துருவாங்க. வேலை பாத்த ரூமே தூணா மாறிரும்.

அப்பவும் பக்கத்து வீட்டுப் பிரச்சினை தீரல. ஓரத்துத் தூணு சரியா எல்லைக் கோட்டு மேல வருது, அதுக்கு அடியில கெய்சன் வெச்சா பாதி அடுத்தவன் நிலத்துல போகும். அதனால கெய்சன உள்ள தள்ளி இறக்கி, அதுக்கு மேல ஒரு பெரிய இரும்பு உத்தரத்த சீசா பலகை மாதிரி வெச்சு, வெளிய நீட்டுன முனைல ஓரத்துத் தூண ஏத்தி, இந்தப் பக்க முனைய உள்தூண் வெயிட்டால அமுக்கிப் புடிச்சுட்டாங்க. பக்கத்துச் சுவருக்கோ, அடியில ஓட்டை போட்டு இரும்பு உத்தரத்த ஊசி கோக்குற மாதிரி குறுக்க நுழைச்சு, ரெண்டு பக்கமும் ஜாக்கி வெச்சு சுவரத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, கீழ புது அஸ்திவாரம் போட்டுக் குடுப்பாங்க. உள்ள குடியிருக்கவங்க காபி குடிச்சுட்டு இருப்பாங்க.

1908ல 612 அடிக்கு எழும்புன சிங்கர் டவர்ல பிரச்சினை தலைகீழ். அது ஒல்லியான கோபுரம், பலமா காத்தடிச்சா ஒரு பக்கத் தூணுங்க மேல கிளம்பப் பாக்கும். அதனால சில தூண்கள அடியில இருக்குற கான்கிரீட்டோட இரும்புக் கம்பி போட்டுக் கட்டி வெச்சாங்க. தாங்குறதுக்குப் போட்ட அஸ்திவாரம் புடிச்சு இழுக்குறதுக்கும் ஆச்சு. 1913ல முடிஞ்ச உல்வொர்த் கட்டடம் 792 அடி, 69 கெய்சன், சிலது 100 அடிக்கு மேல போச்சு. ஓனருக்கு நடுவுல ஆசை கூடி பிளான மாத்துனதால சில தூணுக்கு நேர் கீழ கால் இல்லாமப் போய், உத்தரம் போட்டு சமாளிச்சாங்க. வீடு கட்டும்போது பிளான் மாத்துறது நம்ம வீட்டு ஓனருங்க வியாதி மட்டும் இல்லன்னு ஒரு ஆறுதல்.

மிட்டவுன், அதாவது மன்ஹாட்டனோட மையப் பகுதி பக்கம் வந்தா இந்தக் காத்து வித்தையெல்லாம் பெருசா வேண்டியதில்ல, பாறை தரைக்குப் பக்கத்துலயே இருக்கு. அங்க துளை போடுறது, வெடி வெக்குறது, கல்லு தெறிக்காம இருக்க கனமா பின்னுன பாய் போட்டு மூடுறது, நீராவி ஷவல் வெச்சு லாரில அள்ளுறது தான் வேலை. எம்பயர் ஸ்டேட்டுக்கு 1930 ஜனவரி 22ல தோண்ட ஆரம்பிச்சப்போ அங்க இருந்த பழைய ஓட்டல் இன்னும் முழுசா இடிச்சு முடியல. ஷிஃப்டுக்கு 300 பேரு, 12 மணி நேர ஷிஃப்ட் ரெண்டு, 55 அடிப் பள்ளம், மார்ச் 17ல இரும்பு ஏற ஆரம்பிச்சிருச்சு. பள்ளத்த வேடிக்கை பாக்குற கூட்டம் அங்கயும் உண்டு, ராக்ஃபெல்லர் சென்டர் கட்டும்போது அதுக்குன்னு ஒரு கிளப்பே வெச்சாங்க. ஜேசிபி நின்னா கூடுற நம்ம கூட்டத்த இனிமே யாரும் கிண்டல் பண்ண வேண்டாம்.

தெக்கு முனைலயும் மிட்டவுன்லயும் பாறை மேல இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஆழமா இருக்கு, அதனால தான் உயரக் கட்டடமெல்லாம் ரெண்டு கும்பலா நிக்குதுன்னு ரொம்ப நாளா ஒரு கதை ஓடுது. ஜேசன் பார்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியரும் கூட இருந்தவங்களும் 2011ல கணக்கெல்லாம் எடுத்துப் பாத்து, அப்படி இல்லன்னு சொல்லிட்டாங்க. நடுவுல இருந்தது ஏழைங்க குடியிருப்பும் பட்டறைகளும், அங்க ஆபீஸ் கேட்டு யாரும் வரல, அதனால யாரும் கட்டல. ஆபீஸ் கேட்டு ஆள் வந்த இடத்துல பாறை ஆழமா இருந்தாலும் கட்டுனாங்க. சிட்டி ஹால் எதிர்ல பார்க் ரோ பில்டிங்னு ஒண்ணு, 391 அடி, 1899ல முடிஞ்சப்போ உலகத்துலயே உயரமான ஆபீஸ் கட்டடம். அது பாறையத் தொடவே இல்ல. ஈர மணலுக்குள்ள அடிச்சு இறக்குன ஆயிரக்கணக்கான மரத்தூண் மேல நிக்குது, தண்ணிக்குள்ளயே கிடக்குற வரைக்கும் காத்துப் படாததால மரம் மக்காது. இப்ப அதுல ஆளுங்க வாடகைக்குக் குடியிருக்காங்க.